விளக்கு அணைந்துவிட்டது, பழுது போய்விட்டதா?

டாஷ்போர்டில் "செக் எஞ்சின்" விளக்கு எரியுது. வண்டி மட்டும் நல்லா ஓடுது. நம்மில் பலர் என்ன செய்வோம்? அடுத்த மாசம் பார்த்துக்கலாம் என்று விட்டுவிடுவோம். க்யூபெக்கில் சாதாரணக் கார்களுக்கு வருடாந்தர புகைப் பரிசோதனை கிடையாது. ஒன்டாரியோவில் 1999-ல் தொடங்கிய "டிரைவ் க்ளீன்" திட்டமும் 2019 ஏப்ரல் 1 முதல் சாதாரணக் கார்களுக்கு நின்றுபோனது. ஆக, அந்த விளக்கைக் கவனி என்று நம்மைக் கட்டாயப்படுத்த யாரும் இல்லை.

பழைய ஃபோர் பை ஃபோர் வண்டிகளில் அந்த விளக்கு எரிய அடிக்கடி காரணமாக இருப்பது பெட்ரோல் ஆவி. மாண்ட்ரியலில் நம் குடும்பங்கள் பலவற்றில் பத்துப் பதினைந்து வருடப் பழசான ரேங்லரோ, ஃபோர் ரன்னரோ, பாத்ஃபைண்டரோ இருக்கும். பனியில் சிக்காது, கோடையில் டென்ட், அடுப்பு, அரிசி மூட்டை எல்லாம் ஏற்றிக்கொண்டு லா மொரிஸி பக்கமோ காஸ்பெஸி பக்கமோ போய் வரலாம். பின் சீட்டில் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களுக்குக் கீழே அல்லது கொஞ்சம் பின்னால்தான் பெட்ரோல் டேங்க். அதனால் இந்த விஷயத்தை வண்டிப் பைத்தியங்களோட பேச்சு என்று ஒதுக்காமல், குடும்பத்தில் ஓட்டுகிற எல்லோரும் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

ஊரில் இதை ஏன் கேள்விப்படவில்லை?

நம்ம ஊரில் ஜீப்பு வகை வண்டி என்றால் பெரும்பாலும் டீசல். பொலேரோ, சுமோ எல்லாம் அப்படித்தான். டீசல் லேசில் ஆவியாகாது. தீப்பொறி பட்டால் பற்றும் அளவுக்கு ஆவி எழ, அதைச் சுமார் 50 டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டும். பெட்ரோல் அப்படியில்லை. மைனஸ் 40 டிகிரி குளிரிலேயே பற்றக்கூடிய ஆவி அதிலிருந்து வரும். ஜனவரியில் மாண்ட்ரியல் மைனஸ் 25-ல் உறைந்து கிடக்கும்போதும் பெட்ரோல் ஆவி நெருப்புக்குத் தயார்தான்.

ஆனால் பெட்ரோல் ஆவியின் வேறொரு சேட்டை நம் பெரியவர்களுக்குத் தெரியும். அம்பாசிடரிலும் ஃபியட்டிலும் ஊட்டி மலை ஏறும்போது நடு வழியில் எஞ்சின் நின்றுவிடும். டிரைவர் இறங்கி ஃபியூல் பம்ப் மேல ஈரத்துணியைச் சுற்றுவார். சூட்டில் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி வழியை அடைத்துக்கொள்ளும். துணி அதைக் குளிர வைக்கும். இன்றைய வண்டிகளில் பம்ப் டேங்குக்குள்ளேயே இருந்து அழுத்தத்தோடு தள்ளுவதால் அந்தத் தொல்லை ரொம்பக் குறைந்துவிட்டது. இப்போதைய தலைவலி டேங்க்கிலேயே சேரும் ஆவி.

ஆவி எங்கே போகிறது?

அந்தக் காலத்தில் டேங்க் ஆவியை அப்படியே வெளியே விட்டார்கள். அது புகைமூட்டத்துக்குக் காரணம் என்று தெரிந்த பிறகு, 1970 மாடல் கார்களில் கலிஃபோர்னியாவும் அடுத்த வருடம் அமெரிக்கா முழுவதும் ஆவியைப் பிடித்து வைக்கக் கட்டாயப்படுத்தின. அன்று வந்த தீர்வுதான் இன்றும்: ஒரு டப்பா நிறைய கரி. சார்கோல் கேனிஸ்டர் என்பார்கள்.

அதில் இருப்பது ஆக்டிவேட்டட் கார்பன். ஒரு கிராமில் நுண்துளைகளின் பரப்பு சுமார் ஆயிரம் சதுர மீட்டர் இருக்கும். காங்கயம், பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் ஓட்டிலிருந்து செய்து ஏற்றுமதி செய்கிறார்களே, அதே குடும்பம். ஆனால் காருக்குப் பெரும்பாலும் மரத்திலிருந்து செய்ததைத்தான் போடுகிறார்கள். தேங்காய் ஓட்டுக் கரியின் துளை ரொம்பச் சின்னது, பிடித்த பெட்ரோலை லேசில் விடாது. காருக்கு வேண்டியது பிடிக்கவும் வேண்டும், கேட்டால் விடவும் வேண்டும்.

வண்டி நிற்கும்போது டேங்க் ஆவி கரியில் போய் ஒட்டிக்கொள்ளும். ஓடும்போது "பர்ஜ் வால்வு" திறக்கும். எஞ்சின் அந்த ஆவியை உறிஞ்சி எரித்துவிடும். அப்போது வெளிக்காற்று உள்ளே வர இன்னொரு வழி வேண்டுமே, அதுதான் "வென்ட் வால்வு". பர்ஜ் வால்வு சாதாரணமாக மூடியே இருக்கும். வென்ட் வால்வு சாதாரணமாகத் திறந்தே இருக்கும். இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

அமெரிக்காவில் 1996 மாடல் முதல், கனடாவில் 1998 மாடல் முதல், ஓபிடி-2 முறைப்படி வண்டியின் கம்ப்யூட்டரே இதையெல்லாம் சோதிக்கிறது. வால்வுகளை மூடி டேங்க்கில் லேசான வெற்றிடமோ அழுத்தமோ உண்டாக்கி, அது நிற்கிறதா என்று பார்க்கும். நிற்கவில்லையென்றால் எங்கேயோ ஓட்டை. பி 0455 என்றால் பெரிய கசிவு. பி 0442 என்றால் சுமார் ஒரு மில்லிமீட்டர் துளை அளவு. பி 0456 என்றால் அதிலும் பாதி. பி 0441 பர்ஜ் ஓட்டம் சரியில்லை என்கிறது. பி 0446 வென்ட் பக்கம் கை காட்டுகிறது.

நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். எங்க வேலையில் எரர் மெசேஜ் வந்தால், எந்த இடத்தில் நிரல் விழுந்தது என்றுதான் அது சொல்லும்; ஏன் விழுந்தது என்பதை நாமதான் தேட வேண்டும். இந்தக் கோடுகளும் அப்படித்தான். "பி 0442 வந்தா கேனிஸ்டரை மாத்து" என்று எந்தக் கோடும் சொல்வதில்லை.

மாண்ட்ரியல் குளிர் மறைக்கும் விஷயம்

இந்தச் சோதனையை கம்ப்யூட்டர் நினைத்த நேரத்தில் செய்யாது. டேங்க் ரொம்பக் காலியாகவும் இருக்கக் கூடாது, முழுசாகவும் இருக்கக் கூடாது. ஏறக்குறைய கால் முதல் முக்கால் வரை இருக்க வேண்டும். எஞ்சின் நன்றாகக் குளிர்ந்து கிளம்பியிருக்க வேண்டும். வெளியே ரொம்பக் குளிரும் கூடாது, ரொம்பச் சூடும் கூடாது. பெரும்பாலான வண்டிகளில் நாலைந்து டிகிரிக்குக் கீழே போனால் சோதனையே நடக்காது. மாண்ட்ரியலில் அப்படி எத்தனை மாதம் என்று உங்களுக்கே தெரியும்.

இப்போது பாருங்க. அக்டோபரில் விளக்கு எரிகிறது. டிசம்பரில் பேட்டரி செத்துப் புதுசு போடுகிறோம். பேட்டரியைக் கழற்றியதில் பல பழைய வண்டிகளில் கோடு அழிந்துவிடும், விளக்கும் அணையும். சரியாகிடுச்சு என்று நிம்மதி. உண்மையில் சோதனை நடக்கவேயில்லை. ஏப்ரல் கடைசியில் வெயில் வந்ததும் கம்ப்யூட்டர் பரீட்சை வைக்கும், விளக்கு திரும்ப எரியும். நாம் "புதுப் பழுது" என்போம். ஆறு மாதமாக ஓட்டை அதே இடத்தில்தான் இருந்தது.

குளிர்காலத்தில் பழைய வண்டி வாங்குகிறவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்கணும். புதுசா குடியேறி வந்தவர்கள் பலர் முதல் வண்டியை ஜனவரி, பிப்ரவரியில்தான் அவசரமாக வாங்குகிறார்கள். விற்கிறவர் முந்தின நாள் கோடை அழித்திருந்தால் விளக்கு எரியாது. கையடக்க ஓபிடி ரீடர் ஒன்றைச் செருகி, "ரெடினெஸ்" என்ற பக்கத்தைப் பாருங்க. ஆவிச் சோதனை மட்டும் "முடியவில்லை" என்றிருந்தால் குளிர் காரணமாக இருக்கலாம். கேட்டலிஸ்ட், ஆக்ஸிஜன் சென்சார் என்று மற்றவையும் "முடியவில்லை" என்றிருந்தால் யாரோ சமீபத்தில் அழித்திருக்கிறார்கள், இல்லை பேட்டரி கழற்றப்பட்டிருக்கிறது. ஏன் என்று கேளுங்க.

மாண்ட்ரியல் செய்யும் இன்னும் இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, சாலை உப்பு. பின் சக்கரத்துக்கு மேலே, பிளாஸ்டிக் மறைப்புக்குப் பின்னால், பெட்ரோல் ஊற்றும் வாயிலிருந்து டேங்க்குக்குப் போகும் குழாய் இருக்கும். ஃபில்லர் நெக் என்பார்கள். பல பழைய வண்டிகளில் அது இரும்பு. சக்கரம் வாரியடிக்கும் உப்பும் மணலும் அங்கே தேங்கி, வருடக்கணக்கில் அரித்து, ஊசி முனை அளவு ஓட்டை போட்டுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

இரண்டாவது, குளிர்காலப் பெட்ரோல். கடுங்குளிரில் எஞ்சின் பிடிக்க வேண்டுமே என்று குளிர்காலத்தில் சீக்கிரம் ஆவியாகும் பியூட்டேனைக் கூடுதலாகக் கலப்பார்கள். மார்ச்சில் டேங்க்கை நிரப்பி வண்டியை நிறுத்திவிட்டு, மே மாத நீண்ட வார இறுதியில் 28 டிகிரி வெயிலில் எடுத்தால், அந்தப் பழைய பெட்ரோல் வழக்கத்தைவிட நிறைய ஆவியைக் கக்கும். வாசனைப் புகார்கள் அப்போது வருவதில் ஆச்சரியமில்லை.

காட்டுப் பாதையில் என்ன ஆகிறது?

கரடுமுரடான பாதையில் லோ கியரில் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து போகிறோம். அடியில் காற்றோட்டம் இல்லை. சைலன்சர் குழாய் பக்கத்திலேயே சூடாக இருக்கும். எஞ்சின் பக்கம் போன பெட்ரோலில் மிச்சத்தை டேங்க்குக்கே திருப்பி அனுப்பும் பழைய அமைப்பாக இருந்தால், அதுவும் சூட்டைச் சுமந்துகொண்டு வரும். டேங்க்கில் பெட்ரோல் குறைவாக இருந்தால் இன்னும் சீக்கிரம் சூடேறும். மலையில் உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறையும். குறைந்த சூட்டிலேயே பெட்ரோல் கொதிக்கும். இத்தனையும் சேர்ந்தால் கரி டப்பா பிடிக்க முடிகிறதைவிட அதிக ஆவி வரும். டேங்க்கிலிருந்து கொதிக்கிற சத்தம்கூடக் கேட்கும். அப்போது மூடியைத் திறந்தால் பெட்ரோல் பீறிட்டு அடிக்கலாம்.

சேறும் தூசியும் வேறு மாதிரி கெடுக்கும். வென்ட் பக்கம் அடைத்துக்கொண்டால் டேங்க் மூச்சு விட முடியாது. பெட்ரோல் போடும்போது துப்பாக்கி அடிக்கடி தானே நின்றுவிடும். சேறே வேண்டாம், சிலந்தி போதும். 2011 மார்ச்சில் மாஸ்டா நிறுவனம் வட அமெரிக்காவில் ஏறக்குறைய 65,000 மாஸ்டா 6 கார்களைத் திரும்ப அழைத்தது. ஒரு வகை மஞ்சள் சிலந்தி வென்ட் குழாயில் வலை கட்டி அடைத்துவிடுகிறது, டேங்க்கில் வெற்றிடம் உண்டாகி விரிசல் விடலாம் என்பது காரணம். மாதக்கணக்கில் கொட்டகையில் நிற்கும் காட்டு வண்டிக்கும் பூச்சிகள் குடிவரும் என்பதை மறக்காதீங்க.

எந்த வரிசையில் தேடுவது?

செலவு குறைந்ததிலிருந்து தொடங்குங்க.

1. மூடி. ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருக்கிறதா, வாய் விளிம்பில் துருவும் மணலும் இருக்கிறதா என்று பாருங்க. துடைத்து, "க்ளிக்" கேட்கும்வரை திருகுங்க. மாற்றுவதாக இருந்தால் அந்த மாடலுக்கே உரிய மூடியாக வாங்குங்க. மாற்றியதும் விளக்கு அணையாது. சோதனை தொடர்ந்து சில முறை தேறிய பிறகுதான் அணையும். ஒன்றிரண்டு வாரம் பொறுங்க.

2. கோடும் அதன் சூழ்நிலையும். பழுது பதிவான நேரத்தில் வேகம் என்ன, எஞ்சின் சூடு என்ன என்பதையும் ரீடர் காட்டும். சில வண்டிகளில் டேங்க் அளவும் தெரியும். அழிக்கும் முன் ஒரு போட்டோ எடுத்து வையுங்க. நாளைக்கு மெக்கானிக்குக் காட்ட உதவும்.

3. பெட்ரோல் போட்டதும் எஞ்சின் பிடிக்கச் சிரமமா? தடுமாறுகிறதா? பர்ஜ் வால்வு மூடாமல் திறந்தே நின்றுவிட்டதோ என்று சந்தேகப்படுங்க. எஞ்சின் ஆறியபின் வால்வைக் கழற்றிக் கைப்பம்பால் காற்று விட்டால், மின்சாரம் இல்லாதபோது உள்ளே போகக் கூடாது. வாயால் உறிஞ்சிப் பார்க்காதீங்க.

4. பெட்ரோல் போட முடியாமல் துப்பாக்கி நின்று நின்று போகிறதா? மூடியைத் திறந்தால் ஒவ்வொரு முறையும் பெரிய பெருமூச்சு கேட்கிறதா? வென்ட் வால்வையும் அதன் குழாயையும் பாருங்க.

5. இதிலெல்லாம் சிக்காவிட்டால் புகைச் சோதனை. கராஜில் ரொம்பக் குறைந்த அழுத்தத்தில் புகையை உள்ளே விடுவார்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் புகை எட்டிப் பார்க்கும். வீட்டில் டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரை வைத்து இதை முயலவே கூடாது. டேங்க் ஆவியோடு காற்று கலந்தால் அது வெடிமருந்து.

எங்க வீட்டு 2005 மாடல் வண்டியில் ஒரு மே மாதம் பின் சீட்டில் வாசனை வருது என்று பிள்ளைகள் சொன்னார்கள். கோடு பி 0442. மூடியை மாற்றியும் போகவில்லை. ஒரு கராஜில் பார்த்தவுடனே கேனிஸ்டர் மாற்றணும் என்று விலை சொன்னார்கள். "முதல்ல புகைச் சோதனை செய்யலாமா?" என்று மனைவிதான் கேட்டாள். செய்தார்கள். பின் சக்கரத்தின் மறைப்பைக் கழற்றியதும் ஃபில்லர் நெக்கின் அடிப்பக்கத்திலிருந்து புகை நூல் மாதிரி வந்தது. துரு. கேனிஸ்டரில் ஒன்றுமில்லை. குழாயை மாற்ற ஆனது, முதலில் சொன்ன விலையில் மூன்றில் ஒரு பங்குதான்.

பிரெஞ்சு சரளமாக வராதவர்களுக்கு இரண்டு தொடர் போதும். "ஸா ஸான் லெஸான்ஸ்" என்றால் பெட்ரோல் வாசனை வருது. "டெஸ்ட் த ஃப்யூமே" என்றால் புகைச் சோதனை. இரண்டாவதைக் கேட்டாலே விஷயம் தெரிந்தவர் என்று மரியாதையோடு பேசுவார்கள்.

வராமல் தடுக்க

நம்ம ஊர்ப் பங்க்கில் "ரவுண்டா போடுப்பா" என்பது பழகிப்போன வார்த்தை. இங்கே நாமே பிடித்து நிரப்பும்போதும் கை அதையே செய்யும். துப்பாக்கி நின்ற பிறகும் 77 டாலரை 80 ஆக்க இன்னும் இரண்டு அழுத்து. அந்த மூன்று டாலர் பெட்ரோல் திரவமாகவே கரி டப்பாவுக்குள் போகலாம். கரி ஆவிக்காகச் செய்தது. திரவத்தில் ஊறினால் அதன் வேலை கெடும். சில டப்பாக்களில் கரி துகளாகி வெளியேறி வால்வுகளையும் அடைக்கும். முதல் க்ளிக்கோடு நிறுத்துங்க. செலவே இல்லாத வைத்தியம் இது.

பனி போனதும் ஏப்ரலில் ஒரு முறை வண்டியின் அடியையும், பின் சக்கர மறைப்புக்கு உள்ளேயும் நல்ல தண்ணீரால் கழுவுங்க. சேற்றில் போய் வந்த பிறகும் அப்படியே. கேனிஸ்டரைத் தாங்கும் இரும்புப் பட்டை துருப்பிடித்திருக்கிறதா என்று டயர் மாற்றும் நாளிலேயே எட்டிப் பாருங்க. குளிர்கால டயர் கட்டாயம் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை என்பதால் எப்படியும் வருடத்துக்கு இரண்டு முறை வண்டி தூக்கப்படும். அந்த ஐந்து நிமிடம் போதும்.

ஜூலைக் கடைசியில் கட்டுமான விடுமுறைக்கு எல்லோரும் கிளம்பும் சமயம், காட்டுப் பாதையில் நுழையும் முன் டேங்க்கில் பாதிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்க. நீண்ட நேரம் ஊர்ந்த பிறகு நிழலில் நிறுத்தி ஆறவிடுங்க. "கரி டப்பாவைக் கழற்றி எறிஞ்சா தொல்லை போச்சு" என்று யாராவது சொன்னால் கேட்காதீங்க. ஆவி எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும்.

எப்போது உடனே நிறுத்த வேண்டும்?

விளக்கு மட்டும் எரிந்தால் ஒரு வாரம் பொறுக்கலாம். வண்டிக்குள் பெட்ரோல் வாசனை வந்தால் பொறுக்கக் கூடாது. பெட்ரோலில் பென்சீன் இருக்கிறது. அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்பது உறுதியானது. அதனால்தான் கனடாவில் விற்கும் பெட்ரோலில் அதை சுமார் ஒரு சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். மூடிய வண்டியில் இரண்டு மணி நேரம் பிள்ளைகள் அதைச் சுவாசிக்க விடாதீங்க. அடியில் ஈரமோ சொட்டுவதோ தெரிந்தால் வண்டியை எடுக்கவே வேண்டாம், டோ வண்டியைக் கூப்பிடுங்க.

பாதையில் டேங்க் கொதிக்கிற சத்தம் கேட்டால் எஞ்சினை நிறுத்தி, எல்லோரையும் இறக்கி, அடுப்பும் சிகரெட்டும் தூரத்தில் இருக்கட்டும். மூடியைத் தொடாமல் ஆறவிடுங்க.

கடைசியாக, வீடு. மாண்ட்ரியலில் நம்மில் பலர் இருப்பது டூப்ளெக்ஸில். கராஜ் கீழே, படுக்கையறை மேலே. பெட்ரோல் ஆவி காற்றைவிட கனமானது; தரையோடு ஊர்ந்து தாழ்ந்த இடத்தில் தேங்கும். பேஸ்மென்ட்டில் காஸ் வாட்டர் ஹீட்டரோ ஃபர்னஸோ இருந்தால் அதன் சின்னச் சுடரே போதும். வாசனை வரும் வண்டியை, பழுது பார்க்கும் வரை, எவ்வளவு குளிராக இருந்தாலும் தெருவிலேயே நிறுத்துங்க. காலையில் பனியைச் சுரண்டுவது கஷ்டம்தான். பரவாயில்லை, சுரண்டுங்க.